நெசவாளி அமைச்சரான கதை



கலாச்சார அமைச்சர் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? விழாவுக்கு வருவார், குத்துவிளக்கு ஏற்றுவார், பொன்னாடை வாங்கிக்கொள்வார், நாலு வார்த்தை பேசிவிட்டுக் காரில் ஏறிப் போய்விடுவார். நிதி அமைச்சர் என்றால் பட்ஜெட் ஞாபகம் வருகிறது. கல்வி அமைச்சர் என்றால் அரியர் வைத்தவனுக்கு ஏதாவது சலுகை அறிவிப்பாரா என்று பேப்பரைப் புரட்டுகிறோம். கலாச்சாரத்துக்கு ஓர் அமைச்சர் எதற்கு, அவருக்கு அப்படி என்னதான் வேலை என்று யாரும் கேட்பதில்லை.

நான் கேட்டுப் பார்த்தேன். காரணம் இருக்கிறது. நான் டெக்ஸ்டைல் டெக்னாலஜி மாணவன். ஆண்டு மலருக்கு ஒரு வாழ்க்கை வரலாறு எழுது என்று சொன்னபோது, காந்தியும் காமராஜரும் கலாமும் வருஷா வருஷம் வருகிறார்களே, நம்ம தொழிலிலிருந்து யாராவது கிடைப்பார்களா என்று தேடினேன். கிடைத்தவரின் பெயரைச் சொன்னால் வாய் சுளுக்கிக்கொள்ளும்: யெகதெரினா ஃபூர்த்சேவா. பதினைந்து வயதில் மில்லில் தறி ஓட்டிய பெண். நாற்பத்தொன்பது வயதில் சோவியத் யூனியனின் கலாச்சார அமைச்சர். 1960 முதல் 1974ல் இறக்கும் வரை பதினான்கு ஆண்டுகள் அதே நாற்காலி.

ஏழைப் பெண் உயர்ந்தாள், சுபம் என்று முடித்துவிடக்கூடிய கதை இல்லைங்க இது. முழுக்கப் படித்தபோது எனக்கு அவர்மேல் மரியாதையும் வந்தது, கோபமும் வந்தது, கடைசியில் ஒரு பரிதாபமும் வந்தது. மூன்றையும் அப்படியே உங்கள் முன் வைக்கிறேன்.

பஞ்சுத் தூசியில் வளர்ந்தவர்

மாஸ்கோவுக்கும் பீட்டர்ஸ்பர்குக்கும் நடுவில் விஷ்னி வொலோச்சோக் என்று ஓர் ஊர். பருத்தி மில்களால் பிழைத்த ஊர். அங்கே 1910 டிசம்பர் 7 அன்று ஃபூர்த்சேவா பிறந்தார். அப்பா ஒரு தொழிலாளி. 1914ல் முதல் உலகப்போர் மூண்டதும் பட்டாளத்துக்குப் போனார், திரும்பி வரவில்லை. அம்மா மில்லில் நெசவாளி. தனியாளாக நின்று பிள்ளைகளை வளர்த்தார்.

ஏழு வருஷப் பள்ளிப் படிப்பு. அதற்குப் பிறகு மில்லோடு சேர்ந்த தொழிற்பயிற்சிப் பள்ளி, நம்ம ஐ.டி.ஐ. மாதிரி. அதை முடித்ததும் அம்மா பார்த்த அதே வேலை.

விசைத்தறிக் கூடத்துக்குள் ஒரு ஷிப்ட் நின்று பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடிக்கிற சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவர் பேசுவது காதில் விழாது. பாவு இழை ஒன்று அறுந்தால் உடனே பார்த்து முடிச்சுப் போட வேண்டும். கவனிக்காமல் விட்டால் துணி முழுக்கப் பழுது. கண் ஓயாது, கால் ஓயாது, மூக்கில் பஞ்சு. நமக்கு அது இன்பிளான்ட் டிரெயினிங்கில் பதினைந்து நாள். அவருக்கு அதுதான் பிழைப்பு.

அவர் வளர்ந்த காலம் வேறு. 1917ல் புரட்சி நடந்து ஜார் ஆட்சி போயிருந்தது. தொழிலாளி வர்க்கத்தின் அரசு என்று சொல்லிக்கொண்ட புது அரசுக்குத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள் வேண்டியிருந்தார்கள். நன்றாகப் பேசத் தெரிந்த, ஓடியாடி வேலை செய்கிற, நல்ல குரல் உள்ள இந்தப் பெண்ணை இளைஞர் கழகம் அடையாளம் கண்டது. 1930ல் கம்யூனிஸ்ட் கட்சியில் உறுப்பினரானார். குர்ஸ்க் பகுதியில் ஒரு கிராமப்புற வட்டத்துக்கு இளைஞர் கழகச் செயலாளராக அனுப்பினார்கள். அங்கிருந்து கிரிமியாவின் கடலோரம். தறிக்கூடத்துக்கு அவர் திரும்பவே இல்லை.

விமானம், அப்புறம் வேதியியல்

இந்த இடத்தில் நம்ம மாதிரி டிப்ளமாக்காரர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். கலாச்சார அமைச்சர் ஆகப்போகிறவர் படித்தது இசையும் இல்லை, இலக்கியமும் இல்லை. முதலில் லெனின்கிராடில் சிவில் விமானத் துறையின் பயிற்சி வகுப்பு. பிறகு சராத்தோவ் நகரத்தின் விமானத் தொழில்நுட்பப் பள்ளியில் அரசியல் பிரிவில் வேலை. அந்த நாட்களில் ஒரு விமானியைத் திருமணம் செய்துகொண்டார்.

கணவருக்கு மாஸ்கோவுக்கு மாற்றல் வந்தபோது இவரும் போனார். 1937ல், இருபத்தாறு வயதில், மாஸ்கோ நுண்வேதியியல் தொழில்நுட்பக் கல்லூரியில் மாணவியாகச் சேர்ந்தார். நம்மில் சிலர் இருபது வயதிலேயே இனிமேல் எங்கே படிப்பது என்று அலுத்துக்கொள்கிறோம். ஏழாம் வகுப்போடு மில்லுக்குப் போன பெண் இருபத்தாறு வயதில் இன்ஜினீயரிங் படிக்க உட்கார்ந்தார், பாஸும் செய்தார்.

ஆனால் 1937 என்ற வருஷத்தையும் மறக்கக் கூடாது. ஸ்டாலின் ஆட்சியில் ராத்திரியோடு ராத்திரியாக ஆட்கள் காணாமல் போன காலம் அது. நேற்று மேடையில் இருந்தவர் இன்று சிறையில். யாருக்கு எப்போது என்ன ஆகும் என்று தெரியாத அந்தப் பயம் அவர் தலைமுறையின் ரத்தத்திலேயே ஊறிப்போனது. பின்னால் அவர் செய்த சில காரியங்களைப் புரிந்துகொள்ள இது தேவைப்படும்.

1941ல் ஜெர்மனி படையெடுத்தது. 1942ல் ஒரு பெண் குழந்தை பிறந்தது. கணவர் பிரிந்துபோனார். போர் நடக்கும் ஊரில் அம்மா, கைக்குழந்தை, தான் என்று மூன்று பெண்கள் மட்டும். படிப்பை முடித்த கையோடு மாஸ்கோவின் ஃப்ரூன்ஸே மாவட்டக் கட்சிச் செயலாளர்களில் ஒருவரானார். அன்று முதல் அரசியல்தான் முழுநேர வேலை.

மாஸ்கோவின் பொறுப்பு

1950ல் மாஸ்கோ நகரக் கட்சியின் இரண்டாம் செயலாளர். மேலே தலைவராக இருந்தவர் நிகிதா குருஷ்சேவ். சுறுசுறுப்பும் நினைவாற்றலும் உள்ள இந்தப் பெண்ணின் வேலை அவருக்குப் பிடித்துப்போனது. 1953ல் ஸ்டாலின் இறந்தார். குருஷ்சேவ் நாட்டின் தலைமைக்கு வந்தார். 1954ல் ஃபூர்த்சேவா மாஸ்கோ நகரக் கட்சியின் முதல் செயலாளர் ஆனார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர்.

நம்ம கணக்கில் அது மேயரைவிடப் பெரிய பதவி. ஒரு தலைநகரமே அவர் பொறுப்பில் வந்தது. ஒரே வீட்டில் நாலைந்து குடும்பங்கள் சமையலறையைப் பங்குபோட்டு வாழ்ந்த நகரம் அது. அங்கே வார்ப்புக் கான்கிரீட் பலகைகளைத் தொழிற்சாலையில் செய்து, லாரியில் கொண்டுவந்து, கிரேனால் தூக்கிப் பொருத்தி வீடு கட்டும் முறை வேகம் பிடித்தது அந்தக் காலகட்டத்தில்தான். சிவில் பிரிவு நண்பர்கள் பிரீஃபேப் என்று படிக்கிறார்களே, அதேதான். லூஷ்னிகி விளையாட்டரங்கம் 1956ல் திறக்கப்பட்டது. 1957 கோடையில் உலக இளைஞர் மாணவர் விழா மாஸ்கோவில் நடந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து சுமார் 34,000 பேர் வந்தார்கள். வெளிநாட்டுக்காரரைப் பக்கத்தில்கூடப் பார்த்திராத மாஸ்கோ மக்கள் தெருவில் அவர்களோடு ஆடிப் பாடினார்கள். மூடிக் கிடந்த நாட்டில் ஒரு ஜன்னல் திறந்த மாதிரி. அப்போது அந்நகரின் கட்சித் தலைமையில் இருந்தவர் நம்ம நெசவாளிதான்.

அதே 1957 ஜூனில் இன்னொரு சம்பவம். கட்சியின் உச்சியில் பிரசீடியம் என்று ஒரு சிறு குழு. நாட்டின் தலைவிதியை அதுதான் எழுதும். அதில் மாலென்கோவ், மொலோதவ், ககானோவிச் போன்ற பழைய தலைவர்கள் சேர்ந்து குருஷ்சேவைக் கவிழ்க்க முயன்றார்கள். குழுவில் பெரும்பான்மையும் அவர்கள் பக்கம்தான். அப்போது குருஷ்சேவ் பக்கம் உறுதியாக நின்றவர்களில் ஃபூர்த்சேவா ஒருவர். கூட்டத்திலிருந்து நைசாக வெளியே வந்து, மத்தியக் குழு உறுப்பினர்களுக்குப் போன் மேல் போன் போட்டு உடனே மாஸ்கோவுக்கு வரச் சொன்னார் என்று சொல்வார்கள். வெளியூர்க்காரர்களை ராணுவ விமானங்களில் கொண்டுவந்து இறக்கினார்கள். மத்தியக் குழு கூடியது, முடிவு தலைகீழானது, குருஷ்சேவ் தப்பினார்.

பரிசாக ஃபூர்த்சேவா பிரசீடியத்தின் முழு உறுப்பினரானார். அந்தக் குழுவில் முழு உறுப்பினராக உட்கார்ந்த முதல் பெண் என்று வரலாறு அவரைத்தான் சொல்கிறது. அவருக்குப் பின் இன்னொரு பெண் அந்த நிலைக்கு வர 1990 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பெண்கள் சரிசமம் என்று போஸ்டரில் எழுதிய நாட்டின் நிலைமையே இதுதான் என்றால் மற்றதைச் சொல்லவா வேண்டும்?

தந்த கையே பறித்தது

1960 மே மாதம் அவரைக் கட்சிச் செயலகத்திலிருந்து விடுவித்தார்கள். அதே சமயம் கலாச்சார அமைச்சராக நியமித்தார்கள். பேப்பரில் பார்த்தால் அமைச்சர் பதவி. உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும், அது இறக்கம். அதிகாரம் கட்சிச் செயலகத்தில் இருந்தது, அமைச்சகத்தில் இல்லை.

அடுத்த அடி 1961 அக்டோபரில் விழுந்தது. கட்சி மாநாட்டின் முடிவில் வெளியான புதுப் பிரசீடியம் பட்டியலில் அவர் பெயர் இல்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் யாருக்காக அவர் எல்லாவற்றையும் பணயம் வைத்தாரோ, அந்தக் குருஷ்சேவின் தலைமையில்தான் இது நடந்தது. அந்த இரவு அவர் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்ள முயன்றார், சரியான நேரத்தில் காப்பாற்றப்பட்டார் என்று அந்தக் காலத்தைப் பற்றி எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கட்சிக்காரர்கள் அதைக்கூட ஒழுங்கீனமாகத்தான் பார்த்தார்களாம்.

படித்தபோது எனக்கு மனசு கனத்துப்போனது. ஒரு பட்டியலில் பெயர் இல்லை, அவ்வளவுதானே? ஆனால் ரிசல்ட் போர்டில் நம்பர் இல்லாத அன்று ஹாஸ்டல் அறையில் சுருண்டு படுத்திருந்த நண்பர்களை நாமும் பார்த்திருக்கிறோம். அன்று பக்கத்தில் போய் உட்கார்ந்து பேசுகிற ஒருவர் வேண்டும். அவரைச் சுற்றி இருந்தவர்கள் அனைவரும் பதவியில் இருப்பவர்கள், பக்கத்தில் உட்கார யாரும் இல்லை.

அவர் பிழைத்தார், எழுந்தார், அலுவலகம் போனார். மீதி இருந்த அந்த ஒரு நாற்காலியில் அடுத்த பதின்மூன்று வருஷம் உட்கார்ந்தார். அவரை இன்றும் ஆட்கள் நினைப்பது அந்தப் பதின்மூன்று வருஷத்துக்காகத்தான்.

கதவைத் திறந்தவர்

சோவியத் கலாச்சார அமைச்சருக்கு வேலை என்ன? நாட்டின் நாடக அரங்குகள், இசைக்குழுக்கள், அருங்காட்சியகங்கள், சர்க்கஸ்கள், நூலகங்கள், இசைப்பள்ளிகள் எல்லாம் அரசுடையவை. எந்த நாடகம் மேடையேறலாம், எந்தப் பாடகர் வெளிநாடு போகலாம், எந்த வெளிநாட்டுக் குழு உள்ளே வரலாம் என்ற கேள்வி எல்லாம் அந்த மேசைக்குத்தான் வரும். கையெழுத்து விழுந்தால் கதவு திறக்கும். விழாவிட்டால் ஒரு கலைஞனின் வாழ்க்கையே நின்றுபோகும்.

ஃபூர்த்சேவாவுக்குக் கலைப் படிப்பு கிடையாது என்று முதுகுக்குப் பின்னால் சிரித்தவர்கள் உண்டு. அவரோ தெரியாததைத் தெரிந்தவர்களிடம் கேட்டார். நாடகம் பார்க்கப் போனார், ஒத்திகைக்குப் போனார், கலைஞர்களின் வீட்டுப் பிரச்சினைக்கெல்லாம் போன் செய்து தீர்த்துவைத்தார். வேலையைச் செய்தபடியே வேலையைக் கற்றுக்கொண்டார், ஷாப் ஃப்ளோரில் கற்கிற மாதிரி.

பலன் என்ன? பியானோ மேதை ஸ்வியத்தஸ்லாவ் ரிக்தெரை மேலைநாடுகளுக்கு அனுப்பாமல் வருஷக்கணக்கில் வைத்திருந்தார்கள், திரும்பி வரமாட்டார் என்ற சந்தேகம். 1960ல் அவர் அமெரிக்கா போய் வாசித்தார். அதற்கு ஃபூர்த்சேவா தானே பொறுப்பேற்றுக்கொண்டார் என்பார்கள். 1962ல் பென்னி குட்மனின் அமெரிக்க ஜாஸ் குழு சோவியத் நகரங்களில் வாசித்தது. அமெரிக்காவும் ரஷ்யாவும் அணுகுண்டைக் காட்டி முறைத்துக்கொண்டிருந்த வருஷம் அது! அதே ஆண்டில், ரஷ்யாவை விட்டுப் போய் அரை நூற்றாண்டு ஆகப்போகிற இசையமைப்பாளர் ஸ்த்ராவின்ஸ்கி எண்பது வயதில் சொந்த நாட்டுக்கு விருந்தாளியாக வந்தார்.

1964ல் இத்தாலியின் லா ஸ்காலா ஓபரா குழு மாஸ்கோவுக்கு வந்தது, மாஸ்கோவின் போல்ஷோய் குழு மிலானுக்குப் போனது. கட்டடம் இங்கே, குழு அங்கே என்று இரு பெரிய அரங்குகள் மாற்றிக்கொண்டது அபூர்வமான காரியம். இளம் சோவியத் பாடகர்கள் மிலானில் தங்கிப் பயிற்சி பெற்றார்கள். நம்ம பாஷையில் சொன்னால் எக்ஸ்சேஞ்ச் புரோகிராம்.

நத்தாலியா சாத்ஸ் என்ற நாடகக்காரர் ஸ்டாலின் காலத்தில் முகாமில் அடைபட்டுத் திரும்பியவர். குழந்தைகளுக்கென்றே ஓர் இசை நாடக அரங்கு வேண்டும் என்ற அவரது கனவு ஃபூர்த்சேவா அமைச்சராக இருந்தபோது நிறைவேறி, 1965ல் மாஸ்கோவில் முதல் காட்சி நடந்தது. 1971ல் நகரத்தின் புதிய பெரிய சர்க்கஸ் கட்டடம் திறந்தது. 1973ல் ஓவியர் மார்க் ஷகால் ஐம்பது வருஷம் கழித்து ரஷ்யாவுக்கு வந்து, தான் இளமையில் தீட்டி, பார்வைக்கு வைக்காமல் பத்திரப்படுத்தியிருந்த பெரிய ஓவியங்களில் கையெழுத்துப் போட்டார்.

இன்னொன்று. 1967ல், புரட்சியின் ஐம்பதாவது ஆண்டு நிறைவுக்கு, சவ்ரெமென்னிக் தியேட்டர் ஒரு நாடகம் தயாரித்தது. மிகயீல் ஷாத்ரவ் எழுதிய 'போல்ஷ்விக்குகள்'. தணிக்கைத் துறை அனுமதி தரவில்லை. ஃபூர்த்சேவா தன் சொந்தப் பொறுப்பில் நடத்தச் சொன்னார், நாடகம் நடந்தது. தணிக்கைத் துறையை மீறுவது அந்த நாட்டில் சும்மா விஷயம் இல்லை.

கதவைச் சாத்தியவர்

இத்தோடு நிறுத்தினால் பாராட்டு மடல் ஆகிவிடும். மறுபக்கமும் இருக்கிறது.

மாஸ்கோவின் தகான்கா தியேட்டர் 1964ல் யூரி லுபீமவ் தலைமையில் புது உயிர் பெற்றது. மாணவர்கள் டிக்கெட்டுக்கு ராத்திரி முழுக்க வரிசையில் நின்றார்கள். அந்த அரங்கு ‘உயிருள்ளவன்’ என்ற பொருள்படும் பெயரில் ஒரு நாடகம் தயாரித்தது, பரீஸ் மொஷாயெவ் எழுதிய கதை. கூட்டுப்பண்ணையில் வேலை செய்து வயிறு நிறையாத ஓர் ஏழை விவசாயி, அதிகாரிகளை எதிர்த்து வெளியேறிப் பிழைக்கப் பார்க்கிறான். ஒத்திகையைப் பார்க்க ஃபூர்த்சேவா நேரில் வந்தார். பார்த்தார். தடை செய்தார். அந்த நாடகம் பார்வையாளர்கள் முன் மேடையேறியது 1989ல்தான், அவர் இறந்து பதினைந்து வருஷம் கழித்து.

எனக்குக் கோபம் வந்தது இங்கேதான். அப்பா இல்லாத வீட்டில், மில் கூலியில் வளர்ந்தவர் அவர். பசி என்றால் என்ன என்று அமைச்சர்களில் அவரைவிட யாருக்குத் தெரியும்? பசித்தவனின் கதையை மூடியது அதே கை.

1967ல் போல்ஷோயில் ‘கார்மென்’ பாலே. ஆடியவர் உலகப் புகழ் பெற்ற மாயா பிலிசேத்ஸ்கயா. அமைச்சருக்கு அது ஆபாசமாகப் பட்டது. அடுத்த காட்சி ரத்தானது. கலைஞர்கள் விடாமல் போராடி, சில அசைவுகளை மாற்றி அதைக் காப்பாற்றினார்கள். பிற்பாடு அந்த பாலே உலகம் சுற்றியது.

செல்லோ மேதை ரஸ்த்ரபோவிச் விஷயம் இன்னும் கசப்பு. அரசால் விரட்டப்பட்ட எழுத்தாளர் சோல்ஷெனித்சினுக்குத் தன் வீட்டில் இடம் கொடுத்தார், 1970ல் அவருக்கு ஆதரவாகப் பகிரங்கக் கடிதம் எழுதினார். உடனே வெளிநாட்டுப் பயணங்கள் நின்றன. உள்ளூர்க் கச்சேரிகளும் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. 1974ல் அவர் நாட்டை விட்டே போனார். அவர் மனைவி பாடகி விஷ்னேவ்ஸ்கயாவும் போனார். உலகம் கொண்டாடிய இரண்டு பேரை ஒரு நாடு தானாகக் கை கழுவியது. கலாச்சார அமைச்சர் அதைத் தடுக்கவில்லை, அந்த வேலையில் பங்கெடுத்தார்.

ஒரே ஆள் ஏன் இப்படி இரண்டு விதமாக நடந்தார்? யோசித்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இதுதான். வெளிநாட்டிலிருந்து ஜாஸ் வந்தால் நாட்டுக்குப் பெருமை, மேலே இருப்பவர்கள் சம்மதிப்பார்கள். தைரியமாகத் திறந்தார். உள்ளூர்க் கலைஞன் உள்ளூர் உண்மையைச் சொன்னால் மேலே இருப்பவர்களுக்குக் கோபம் வரும், நாற்காலி ஆடும். சாத்தினார். 1961 அக்டோபர் இரவை அவர் மறந்திருக்க முடியாது. ஒரு பட்டியலில் பெயர் விடுபட்டால் என்ன ஆகும் என்று பார்த்தவர். அதற்காக அவர் செய்தது சரி என்று நான் சொல்ல வரவில்லை. தகான்காவின் கலைஞர்களும் பயந்துகொண்டேதான் அந்த நாடகத்தைத் தயாரித்தார்கள். அவர்களிடம் சாத்துவதற்கு ஒரு கதவு இல்லை, அவரிடம் இருந்தது.

மோனா லிசா வந்த கோடை

1974. அவர் வாழ்க்கையின் கடைசி வருஷம். லூவர் அருங்காட்சியகத்தின் மோனா லிசா ஓவியம் ஜப்பானுக்குக் கண்காட்சிக்குப் போயிருந்தது. அது பாரீஸ் திரும்பும் வழியில் மாஸ்கோவில் இறங்கினால் என்ன? புஷ்கின் அருங்காட்சியகத்தின் இயக்குநர் இரீனா அந்தோனவாவின் இந்த யோசனையை ஃபூர்த்சேவா பிடித்துக்கொண்டார். பிரான்சுடன் பேசினார், பாதுகாப்புக்கு உத்தரவாதம் கொடுத்தார், சம்மதம் வாங்கினார். குண்டு துளைக்காத கண்ணாடிக்குப் பின்னால் அந்த ஓவியம் மாஸ்கோவில் வைக்கப்பட்டது. கோடை வெயிலில் மணிக்கணக்கில் வரிசை. முன்னால் போய் நின்றால் சில நொடிதான், நகருங்கள் என்பார்கள். அதற்காகவே ஆட்கள் வெளியூரிலிருந்து ரயில் ஏறி வந்தார்கள். பாரீஸைக் கனவில்கூடப் பார்க்க வாய்ப்பில்லாத மில் தொழிலாளிகள் மோனா லிசாவை நேரில் பார்த்தார்கள். அந்தப் பயணத்துக்குப் பிறகு அந்த ஓவியம் பிரான்சை விட்டு வெளியே போகவே இல்லை.

அதே வருஷம் செப்டம்பர் 15. அரசு அங்கீகாரம் இல்லாத சில ஓவியர்கள் மாஸ்கோவின் ஓரத்தில் ஒரு காலி இடத்தில் தங்கள் படங்களை வைத்துக்கொண்டு நின்றார்கள். புல்டோசரும் தண்ணீர் லாரியும் வந்தன. படங்கள் நசுங்கின. உத்தரவு அவருடையது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரே நகரம், ஒரே ஆண்டு. வந்த ஓவியத்துக்குக் குண்டு துளைக்காத கண்ணாடி, சொந்தப் பிள்ளைகளின் ஓவியத்துக்குப் புல்டோசர். உலகப் பத்திரிகைகள் காறித் துப்பியதும் இரண்டு வாரத்தில் இன்னொரு பூங்காவில் கண்காட்சி நடத்த அதே ஓவியர்களுக்கு அனுமதி கிடைத்தது.

அந்த வருஷமே அவருக்குச் சொந்த வீட்டாலும் சோதனை. மாஸ்கோவுக்கு வெளியே டாச்சா எனப்படும் ஓய்வு வீடு கட்டினார். போல்ஷோய் தியேட்டருக்கான கட்டடப் பொருள்களைக் குறைந்த விலையில் எடுத்துக்கொண்டதாகப் புகார் போனது. கட்சி விசாரித்துக் கண்டித்தது. பணத்தைக் கட்டினார். அவரைவிடப் பெரிய வீடு கட்டியவர்கள் பலர் நிம்மதியாக இருந்தார்கள் என்பதும் உண்மை, கட்சி சொன்ன தப்பைத் தப்பில்லை என்றும் சொல்ல முடியாது. வெளியுறவுத் துணை அமைச்சராக இருந்த இரண்டாவது கணவர் ஃபிர்யூபினுடனும் ஒட்டுதல் போயிருந்தது.

1974 அக்டோபர் 24 இரவு அவர் தன் வீட்டில் இறந்தார். வயது 63. இதயச் செயலிழப்பு என்றது அரசு அறிவிப்பு. வேறு விதமாகவும் பேசிக்கொண்டார்கள், இன்றும் பேசுகிறார்கள். இறக்கும்போதும் அவர் அமைச்சர்தான். மாஸ்கோவின் நொவதேவிச்சி கல்லறையில் அவருக்குச் சமாதி இருக்கிறது. 1991ல் அந்தச் சோவியத் நாடே இல்லாமல் போனது. அவர் பதவிக்காக அஞ்சிய கட்சியின் ஆட்சி போயிற்று. குழந்தைகளின் இசை அரங்கு இருக்கிறது, சர்க்கஸ் இருக்கிறது, அவர் தடுத்த நாடகம் எழுத்தாக இருக்கிறது.

நமக்கு இதில் என்ன?

நம்மில் யாரும் நாளைக்கே கலாச்சார அமைச்சர் ஆகப்போவதில்லை. ஆனால் கையெழுத்துப் போடுகிற நாற்காலி எல்லோருக்கும் ஒருநாள் வரும். சூப்பர்வைசராக, ஷிப்ட் இன்சார்ஜாக, சங்கச் செயலாளராக. இந்த மலரின் ஆசிரியர் குழுவில் உட்கார்ந்து, எந்தக் கவிதை அச்சேறலாம், எது வேண்டாம் என்று முடிவு செய்வதும் அந்த நாற்காலிதான். யாராவது மேலே இருப்பவர் முகம் சுளிப்பாரே என்று ஒரு ஜூனியரின் கவிதையை நாம் ஒதுக்கினால், நமக்குள்ளும் ஒரு ஃபூர்த்சேவா உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம்.

அவருடைய நாற்காலி மேலே இருந்து வந்தது. ஒரே ஒரு பொதுக்கூட்டத்தில்கூட மாஸ்கோ மக்களோ கலைஞர்களோ போட்டி உள்ள வாக்கெடுப்பில் அவரைத் தேர்ந்தெடுத்தது கிடையாது. அதனால் அவர் எப்போதும் அண்ணாந்தே பார்க்க வேண்டியிருந்தது. நம்ம சங்கத்துப் பதவி சின்னது, ஒரு வருஷம்தான். ஆனால் அது வகுப்பு வகுப்பாக ஓட்டுச் சீட்டு போட்டு நாம் தருவது. அதில் உட்காருபவர் பக்கவாட்டிலும் கீழேயும் பார்த்தால் போதும், பயமில்லை. பார்க்காவிட்டால் அடுத்த வருஷம் நாம் பார்த்துக்கொள்வோம்!

பாவும் ஊடையும் சேர்ந்தால்தான் துணி என்று முதல் வருஷத்திலேயே நமக்குச் சொல்லித் தருகிறார்கள். உழைத்து உயர்ந்தது அவர் வாழ்க்கையின் பாவு. உயரத்தில் நின்று செய்தது ஊடை. ஒன்றை மட்டும் உருவி எடுத்துக் காட்டினால் அது அவர் ஆகாது. தறி ஓட்டிய அந்தப் பெண்ணை வணங்குகிறேன். கதவைத் திறந்த அமைச்சருக்கு நன்றி சொல்கிறேன். கதவைச் சாத்திய அமைச்சரை மறக்காமல் இருக்கச் சொல்கிறேன், உங்களையும், என்னையும்.

வாழ்க மாணவர் ஒற்றுமை!